பி.டி. பீரியடில் இடைவெளிப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகளுக்கு பி.டி. பீரியடில் இந்தப் பயிற்சியை நடத்த ஆரம்பித்ததிலிருந்து சக உடற்கல்வி ஆசிரியர்கள், பெற்றோர், கணக்கு டீச்சர் என்று ஆளாளுக்கு ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டுப் பள்ளிகளை, அதிலும் வகுப்பு பெரியதாகவும் மைதானம் சிறியதாகவும் இருக்கும் பள்ளிகளை மனதில் வைத்து எழுதியது. சிந்தெடிக் டிராக் உள்ள பள்ளிக்காரர்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

முதலில், இடைவெளிப் பயிற்சி என்றால் என்ன?

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும் அளவுக்கு வேகமாக எதையாவது செய்வது, அப்புறம் ஓய்வு, மறுபடி வேகம், மறுபடி ஓய்வு. அவ்வளவுதான். வேகப் பகுதி 15 நொடியாகவும் இருக்கலாம், 4 நிமிடமாகவும் இருக்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு 20 முதல் 45 நொடி போதும். ஜிம்மில் 'ஹிட்' என்று சொல்கிறார்களே, ஹை இன்டென்சிட்டி இன்டர்வெல் டிரெய்னிங், அதுவேதான் இது.

நம் பிள்ளைகளுக்கு இது புதிதும் இல்லை. கபடியில் ஒரு ரெய்டு 30 நொடி. உள்ளே போய் உயிரைக் கொடுத்துத் திரும்பி வருகிறவன் அடுத்த ரெய்டு வரை நின்று மூச்சு வாங்குகிறான். கோகோவில் துரத்துவதும் உட்காருவதும் மாறி மாறி வருகின்றன. நொண்டி விளையாட்டும் அப்படித்தான். இந்த விளையாட்டுகளுக்குள் ஏற்கெனவே இருப்பதை எல்லாப் பிள்ளைக்கும் சமமாகக் கிடைக்கும்படி நேரம் கட்டிக் கொடுப்பதுதான் நாம் செய்யும் வேலை.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஓய்வும் பயிற்சியில் சேர்ந்தது. ஓய்வே கொடுக்காமல் 15 நிமிடம் விரட்டினால் மூன்றாவது சுற்றிலேயே வேகம் செத்துவிடும். அதன் பிறகு நடப்பது சுமாரான வேகத்தில் ஒரு வதைதான், அதற்கு இந்தப் பெயர் வைக்க வேண்டியதில்லை.

இது யூடியூபில் வந்த புது மோகம்தானே?

இல்லை. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கிய செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாட்டோபெக், 400 மீட்டரை வேகமாக ஓடி, நடுவில் மெல்ல ஓடி, மறுபடி 400 மீட்டர் என்று திரும்பத் திரும்ப ஓடித்தான் தயாரானார். அதற்கு முன்பே ஜெர்மனியிலும் சுவீடனிலும் பயிற்சியாளர்கள் இதைக் கையாண்டார்கள். சாதாரண மனிதர்கள் பக்கம் இது வந்தது கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிபாலா குழுவினர் 2000-களில் செய்த ஆய்வுகளுக்குப் பிறகு. பள்ளிக்கூடத்துக்கு வந்தது அதற்கும் பின்னால்தான்.

பி.டி. பீரியடில் விளையாட விடுவதை விட்டுவிட்டு இது எதற்கு?

விளையாட்டை விடச் சொல்லவில்லை. ஆனால் ஒரு வழக்கமான பி.டி. பீரியடை ஓரமாக நின்று கவனித்துப் பாருங்கள். 60 பிள்ளைகள், ஒரு வாலிபால், ஒரு த்ரோபால். நன்றாக ஆடும் பத்துப் பன்னிரண்டு பேர் பந்தை எடுத்துக்கொள்வார்கள். இன்னும் கொஞ்சம் பேர் கோட்டுக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிப் போடுவார்கள். மிச்சப் பேர் வேப்பமரத்தடியில் கதை பேசிக்கொண்டிருப்பார்கள், அதில் பெரும்பாலும் பெண் பிள்ளைகள், உடம்பு கனத்த பிள்ளைகள், 'எனக்கு வராது சார்' என்று தனக்குத் தானே முடிவு செய்துவிட்ட பிள்ளைகள். யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ அவர்களே ஓடாமல் வகுப்புக்குத் திரும்புகிறார்கள்.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலசைவு வேண்டும், வாரத்தில் 3 நாளாவது அது நன்றாக மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியடை வைத்துக்கொண்டு அந்த 60 நிமிடத்தை நம்மால் எட்ட முடியாது. ஆனால் அந்த மூச்சு வாங்கும் பகுதியை, பந்தே கிடைக்காத பிள்ளைக்கும் சேர்த்து, 9 நிமிடத்தில் கொடுத்துவிட முடியும். என்னைப் பொறுத்தவரை இதைச் செய்ய வேண்டியதற்கு அது ஒன்றே போதுமான காரணம். கொழுப்பு கரைவது, சிக்ஸ் பேக் எல்லாம் இதில் இல்லை.

பள்ளிப் பிள்ளைகளிடம் பரிசோதித்திருக்கிறார்களா, பெரியவர்களுக்குச் செய்ததை அப்படியே கொண்டுவருகிறோமா?

பிள்ளைகளிடமே பரிசோதித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் நியூசவுத்வேல்ஸ் மாநிலத்தில் நியூகாசில் பல்கலைக்கழகக் குழு ஒன்று 20 உயர்நிலைப் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து 'பர்ன் டு லேர்ன்' என்று ஒரு திட்டம் நடத்தியது. நடத்தியது வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர்கள் இல்லை, அந்தந்தப் பள்ளி ஆசிரியர்களே. 6 மாத முடிவில், பயிற்சி செய்த பிள்ளைகள் 20 மீட்டர் ஷட்டில் ஓட்டத்தில் (20 மீட்டரைக் கூடிக்கொண்டே போகும் வேகத்தில் போய்த் திரும்பி ஓடுவது, ஈடுகொடுக்க முடியாதவர் வெளியே வந்துவிட வேண்டும்) மற்றவர்களைவிடச் சராசரியாக 4 சுற்று கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். கேட்க சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் பதினோராம் வகுப்பு என்பது பிள்ளைகள் விளையாட்டையே கைவிடும் வயது, அங்கே சராசரி மேலே போவதே பெரிய விஷயம்.

இங்கிலாந்தின் வடகிழக்கில் 13, 14 வயதுப் பிள்ளைகளிடம் 10 வாரம் நடத்திய இன்னொரு ஆய்வு எனக்கு இன்னும் பிடிக்கும். பாக்சிங், நடனம், கூடைப்பந்து, கால்பந்து அசைவுகளை வைத்து 45 நொடி வேகம், 90 நொடி ஓய்வு என்று நடத்தினார்கள். ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பும் இடுப்புச் சுற்றளவும் பயிற்சி செய்யாத ஒப்பீட்டுக் குழுவைவிட நல்ல நிலையில் இருந்தன. எனக்குப் பிடித்தது அந்த நேரக் கணக்குதான், அதாவது ஒரு பங்கு வேலைக்கு இரண்டு பங்கு ஓய்வு. பெரிய வகுப்பு வைத்திருக்கும் நமக்கு அது எப்படி உதவும் என்று கீழே சொல்கிறேன்.

எந்த வகுப்பிலிருந்து ஆரம்பிக்கலாம்?

முறையாக நேரம் வைத்துச் செய்ய எட்டாம் வகுப்பு சரி. ஆறு, ஏழு என்றால் விளையாட்டு வடிவத்தில் மட்டும் கொடுங்கள்: கோகோ, தொட்டுப் பிடிப்பது, ரிலே. ஐந்தாம் வகுப்புக்குக் கீழே தேவையே இல்லை. சின்னப் பிள்ளைகளை மைதானத்தில் விட்டாலே ஓடுவதும் நிற்பதுமாக இதைத்தான் செய்துகொண்டிருப்பார்கள், நாம் விசில் ஊதிக் கெடுக்காமல் இருந்தால் போதும்.

60 பேர் உள்ள வகுப்பில் எப்படி முடியும்? என்னிடம் ஒரு விசில்தான் இருக்கிறது.

அந்த ஒரு விசில் போதும். கூட்டம் அதிகமாக இருப்பது இந்தப் பயிற்சிக்குத் தடை என்று எல்லோரும் நினைக்கிறார்கள், எனக்கு அது வசதியாகத்தான் படுகிறது.

மூன்று மூன்று பேராகப் பிரித்துவிடுங்கள். 60 பேர் என்றால் 20 அணி. ஒரே அளவு ஓடக்கூடியவர்கள் மூவரும் ஒரே அணியில் இருக்க வேண்டாம், கலந்து போடுங்கள். மூவரில் ஒருவர் தரையில் போட்ட கோடுகளுக்கு நடுவே போய்த் திரும்பி ஓடுவார். ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு மெல்ல நடப்பார். மூன்றாமவர் ஓடுகிறவர் எத்தனை முறை கோட்டைத் தொடுகிறார் என்று சத்தமாக எண்ணுவார். 30 நொடிக்கு ஒரு விசில், விசில் அடித்ததும் இடம் மாறுவார்கள். ஆக ஒவ்வொரு பிள்ளைக்கும் 30 நொடி வேகம், 60 நொடி ஓய்வு என்று அந்த ஒன்றுக்கு இரண்டு கணக்கு தானாகவே அமைந்துவிடுகிறது. ஆளுக்கு ஆறு முறை வந்தால் மொத்தம் 9 நிமிடம், அதில் ஒரு பிள்ளை உண்மையில் ஓடுவது 3 நிமிடம். எந்த நேரத்திலும் 20 பேர்தான் ஓடிக்கொண்டிருப்பார்கள், அதனால் இருபது பேரையும் உங்களால் கண்ணால் பார்க்க முடியும். யார் முகம் வெளுக்கிறது, யார் நொண்டுகிறார்கள் என்று தெரியும். 60 பேரையும் ஒன்றாக ஓடவிட்டால் இது நடக்காது.

எண்ணுகிற வேலையைச் சும்மா கொடுக்கவில்லை. மரத்தடிக்குப் போகிற பிள்ளைக்கு ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. 'அக்கா பதினொண்ணு, இன்னும் ஒண்ணு' என்று கத்துகிற குரல் ஓடுகிறவளை இழுக்கும் அளவுக்கு என் விசில் இழுப்பதில்லை.

45 நிமிடப் பீரியடில் இதை எங்கே வைப்பது?

வகுப்பிலிருந்து கிரவுண்டுக்கு வந்து வரிசை கட்டவே 5 நிமிடம் போய்விடும், அதை மறைத்துத் திட்டம் போடாதீர்கள். அப்புறம் 7 நிமிடம் வார்ம்-அப்: மெல்ல ஓட்டம், கை கால் சுழற்றல், கடைசியில் இரண்டு மூன்று முறை கொஞ்சம் வேகமாக ஓடிப் பார்ப்பது. இதைக் குறைக்கவே கூடாது. பிறகு அந்த 9 நிமிடம். அப்புறம் 4 நிமிடம் நடந்து, தண்ணீர் குடித்து, மூச்சு அடங்கவிடுவது. மிச்சம் 20 நிமிடம் விளையாட்டு, அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். விளையாட்டைப் பிடுங்கிக்கொண்டு இதைக் கொடுத்தால் அடுத்த வாரமே பிள்ளைகள் இதை வெறுத்துவிடுவார்கள், நியாயமும் அவர்கள் பக்கம்தான் இருக்கும்.

வாரத்துக்கு இரண்டு பீரியடிலும் செய்யலாம். மூன்றாவது நாள் கிடைத்தால் நல்லது, ஆனால் அடுத்தடுத்த நாட்களில் வேண்டாம். முதல் இரண்டு வாரம் ஆளுக்கு ஆறு சுற்று கொடுக்காமல் நான்கோடு நிறுத்துங்கள்.

வேகம் போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெளிநாட்டில் மார்பில் பெல்ட் கட்டி இதயத் துடிப்பைப் பார்க்கிறார்கள், உச்சத் துடிப்பில் 85 விழுக்காட்டுக்கு மேல் போக வேண்டும் என்பது அவர்கள் வைக்கும் அளவு. வளர் இளம் பிள்ளைகளுக்கு உச்சத் துடிப்பு நிமிடத்துக்கு 200-ஐ ஒட்டி இருக்கும், அதனால் இலக்கு சுமார் 170. ஓடி முடித்த உடனே மணிக்கட்டிலோ கழுத்திலோ கை வைத்து 10 நொடி எண்ணினால் 28, 29 வரும். ஒரு நிமிடம் முழுக்க எண்ணச் சொல்லாதீர்கள். பிள்ளைகளுக்குத் துடிப்பு சீக்கிரம் இறங்கிவிடும், எண்ணி முடிப்பதற்குள் கணக்கு பொய்யாகிவிடும்.

ஆனால் தினசரிக்கு இவ்வளவு வேண்டாம். ஓடி நின்றதும் பெயரையும் வகுப்பையும் கேளுங்கள். பெயர் மட்டும் வந்து வகுப்பு வருவதற்குள் மூச்சு வாங்கினால் சரியான வேகம். முழு வாக்கியமாகப் புகார் சொல்ல முடிந்தால் வேகம் பற்றவில்லை. பேச்சே வரவில்லை, குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிரவில்லை என்றால் அதிகம், அடுத்த சுற்று நடக்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகளிடம் 'பத்துக்கு எட்டு' என்று சொல்லிக்கொடுத்துவிட்டால் போதும். சும்மா நிற்பது பூஜ்ஜியம், உயிரைக் கொடுத்து ஓடுவது பத்து. அவரவர் எட்டுதான் கணக்கு. மாவட்ட அளவில் ஓடுகிற பிள்ளையின் எட்டும் முதல்முறை ஓடும் பிள்ளையின் எட்டும் ஒரே வேகமாக இருக்காது, இருக்கவும் வேண்டாம். முதல்முறை ஓடும் பிள்ளைக்கு வேகமாக நடப்பதே எட்டாக இருந்தால் அதுவும் முழுப் பயிற்சிதான்.

மைதானமே இல்லை, மொட்டைமாடியும் வராண்டாவும்தான். என்ன செய்வது?

நின்ற இடத்திலேயே செய்யலாம். முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி ஓடுவது, ஜம்பிங் ஜாக், பஸ்கி, பக்கவாட்டில் இரண்டடி தாவித் தாவிப் போவது, கயிறு இருந்தால் ஸ்கிப்பிங். சிமென்ட் தரையில் குதிப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள், குதிக்கும் பயிற்சி ஒன்று வந்தால் அடுத்தது குதிக்காததாக இருக்கட்டும். தண்டால் நல்ல பயிற்சிதான், ஆனால் இதற்குச் சரிப்படாது. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கை வலித்துப் படுத்துவிடும், மூச்சு வாங்கும் அளவுக்கே போகாது. தரையில் விழுந்து எழுந்து குதிக்கும் பர்ப்பியும் அப்படித்தான். ஜிம் வீடியோவில் பார்க்க அழகு, மண் தரையில் வெள்ளைச் சட்டையோடு விழுந்து எழுந்தால் வீட்டில் அம்மாவிடம் நமக்குத்தான் திட்டு.

முதல் மாடியில் வேண்டாம், கீழே வகுப்பு நடக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்று பி.டி. ஆசிரியர்களுக்குப் புரியும்.

டபாட்டா வீடியோவைப் போட்டுவிட்டால் ஆகாதா? 4 நிமிடத்தில் முடிந்துவிடுமே.

ஜப்பானில் இசுமி டபாட்டா 1996-ல் வெளியிட்ட ஆய்வில் 20 நொடி வேகம், 10 நொடி ஓய்வு, அதையே ஏழெட்டு முறை என்று செய்தவர்கள் நல்ல உடற்தகுதி உள்ள இளைஞர்கள். நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள் எர்கோமீட்டரில், உடம்பு ஆக்சிஜனை உச்ச அளவில் உள்வாங்கும் கட்டத்துக்குரிய சுமையில் 170 விழுக்காடு வைத்து, இனிமேல் மிதிக்கவே முடியாது என்கிற கட்டம் வரை மிதித்தார்கள். அந்த முறை ஜப்பான் ஸ்பீட் ஸ்கேட்டிங் அணியின் பயிற்சியாளரிடமிருந்து வந்தது. இன்று அதே பெயரில் வீடியோவில் ஓடுவது அந்த 20-10 கடிகாரம் மட்டும்தான். 10 நொடி ஓய்வு பழக்கமில்லாத பிள்ளைக்குப் பற்றவே பற்றாது. ஓய்வு அதிகமாக இருக்கட்டும், வேகம் தானாக வரும்.

நம் ஊர் வெயிலில் இது ஆபத்து இல்லையா?

நேரம் தெரியாமல் செய்தால் ஆபத்துதான். காலை 11 மணியிலிருந்து மூன்றரை வரை திறந்த வெளியில் வேண்டாம், மார்ச் மாதத்துக்குப் பிறகு இன்னும் கண்டிப்பாக. அந்த நேரத்தில்தான் உங்கள் பீரியட் என்றால் நிழலில், வராண்டாவில், குறைந்த சுற்றுகளோடு செய்யுங்கள், அல்லது அன்றைக்கு கேரம், செஸ் என்று விட்டுவிடுங்கள். ஒரு நாள் போவதால் எதுவும் கெட்டுவிடாது. கடலோர ஊர்களில் வெயிலைவிடப் புழுக்கம் மோசம், வியர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் முதல் இரண்டு வாரம் கவனம் வேண்டும். சூட்டுக்கு உடம்பு பழக அவ்வளவு நாள் பிடிக்கும். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் தெரிந்தால் நிழலுக்குக் கூட்டிப் போய், சட்டையைத் தளர்த்தி, தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். பிள்ளை குழப்பமாகப் பேசினாலோ நினைவு தப்பினாலோ வேடிக்கை பார்க்காமல் 108-ஐ அழையுங்கள், வண்டி வரும் வரை உடம்பைக் குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியட் என்றால் செய்யவே வேண்டாம். அதேபோல காலையில் முதல் பீரியட் என்றால், சாப்பிடாமல் வந்தவர்கள் யார் என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லோர் முன்னாலும் கேட்டால் யாரும் கையைத் தூக்க மாட்டார்கள்.

யாரெல்லாம் செய்யக்கூடாது?

இந்தக் கேள்விக்கு மட்டும் பொறுமையாகப் படியுங்கள்.

பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு இதய முணுமுணுப்பு (துடிப்போடு சேர்ந்து கேட்கும் கூடுதல் ஒலி) இருக்கிறது, மேல் பரிசோதனை வேண்டும் என்று எழுதிய பிள்ளை, மருத்துவர் சரி என்று எழுதிக்கொடுக்கும் வரை செய்யக்கூடாது. ஓடும்போது மயங்கி விழுந்த பிள்ளை, ஓடும்போது நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளை, குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தால் அந்தப் பிள்ளை, இவர்களையும் மருத்துவரிடம் காட்டாமல் விடாதீர்கள். ஓடி முடித்து நின்றபின் லேசாகக் கண் இருட்டுவது பலருக்கு வரும், ஓய்வில் உட்காராமல் நடந்தால் அது குறையும். ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுவது வேறு, அது எச்சரிக்கை மணி. ருமாட்டிக் காய்ச்சலால் (தொண்டைத் தொற்றுக்குப் பின் வருவது) இதயம் பாதிக்கப்பட்ட பிள்ளைகளும், அதற்காக மாதாமாதம் பென்சிலின் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைகளும் நம் பள்ளிகளில் இன்னும் இருக்கிறார்கள், பெற்றோர் சொல்லாமல் நமக்குத் தெரியாது. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு படிவம் கொடுத்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை மொத்தமாக ஒதுக்கத் தேவையில்லை. விட்டு விட்டு ஓடுவது தொடர்ந்து ஓடுவதைவிட அவர்களுக்குப் பொதுவாகத் தாங்கும். மருத்துவர் சொல்லியிருந்தால் பயிற்சிக்கு 15 நிமிடம் முன்பு நீல இன்ஹேலரை எடுத்துக்கொள்ள வேண்டும், பயிற்சி நேரத்தில் அது பையில் கிடக்கக்கூடாது, கிரவுண்டில் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடும் பிள்ளைக்கு ஏதாவது இனிப்பு கையில் இருக்கட்டும், பெற்றோரிடமும் மருத்துவரிடமும் பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

பலரும் நினைக்காதது ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அதாவது நீங்கள் 'சோம்பேறி' என்று நினைக்கும் பிள்ளைக்கு ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்க ஆளே இல்லாமல் இருக்கலாம். சீக்கிரம் மூச்சு வாங்குகிறது, படியேறினால் படபடப்பு, கண்ணின் உட்பக்கம் வெளுப்பு என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். வாராவாரம் பள்ளியில் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை குப்பைத்தொட்டிக்குப் போகாமல் வாய்க்குப் போகிறதா என்று பார்ப்பதும் பி.டி. வேலைதான் என்பது என் கட்சி.

காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு இருந்து எழுந்தவர்களுக்கு அன்றைக்கு எண்ணும் வேலை மட்டும்.

இத்தனைக்கும் நடுவில் ஆசிரியர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒன்று: பிள்ளை விழுந்து, கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் 108-க்குச் சொல்லிவிட்டு மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 சென்டிமீட்டர் அமுங்கும்படி அழுத்த வேண்டும். இதைக் கற்றுக்கொள்ளாமல் எந்த ஓட்டப் பயிற்சியும் நடத்தக்கூடாது, கிரிக்கெட் உட்பட.

பெண் பிள்ளைகள் தயங்குகிறார்கள். என்ன செய்யலாம்?

தயக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் சோம்பல் இல்லை. சுடிதாரும் ஓவர்கோட்டும் போட்டுக்கொண்டு, ஜடையில் ரிப்பன் கட்டிக்கொண்டு, பையன்கள் பார்க்கும் இடத்தில் குதிக்கச் சொன்னால் யாராக இருந்தாலும் தயங்குவார்கள். பெண் பிள்ளைகளுக்கு மைதானத்தில் தனி மூலை, பையன்கள் முதுகு காட்டி நிற்கும் திசை, குதிக்காத பயிற்சிகள் என்று மூன்றையும் மாற்றிப் பாருங்கள், பாதித் தயக்கம் போய்விடும். பி.டி. பீரியட் உள்ள நாளில் டிராக் பேண்டும் டி-ஷர்ட்டும் போட்டு வரலாம் என்று தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிவிட்டால் மீதியும் போய்விடும்.

மாதவிடாய் நாட்களில் செய்யலாமா என்றால் செய்யலாம், கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் விட்டுவிட வேண்டும். எங்கள் வழக்கப்படி யார் வேண்டுமானாலும் 'இன்னைக்கு எண்ணுறேன் டீச்சர்' என்றால் போதும், அதற்கு மேல் விசாரணை கிடையாது.

செருப்புக் காலோடு ஓடலாமா?

கூடாது. ஷூ இல்லையென்றால் வெறுங்காலே மேல், ஆனால் தரையில் கண்ணாடிச் சில்லும் கருவேல முள்ளும் இல்லை என்று நீங்களே ஒரு சுற்று நடந்து பார்த்த பிறகு. தார்த் தளமும் சிமென்டும் வெயிலில் காய்ந்திருந்தால் வெறுங்காலும் கூடாது.

பையன் முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்கிறான். இந்தப் பயிற்சியாலா?

முழங்கால் மூட்டுக்குக் கொஞ்சம் கீழே, எலும்பு புடைத்திருக்கும் இடத்தில் தொட்டால் வலிக்கிறதா? 10 முதல் 15 வயதில், கிடுகிடுவென்று உயரம் கூடும்போது, தசைநார் எலும்பை இழுக்கும் இடத்தில் இப்படி வலி வருவது சகஜம். குதிகாலிலும் வரும். பயிற்சி அதைக் கிளறிவிடும், அதனால் குதிப்பதையும் பஸ்கியையும் சில வாரம் நிறுத்திவிட்டு வேக நடை கொடுங்கள். வீக்கம், இரவு வலி, ஒரு காலில் மட்டும் நொண்டல் இருந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு தொடையிலும் பொதுவான வலி, இரண்டு நாளில் போய்விடுகிறது என்றால் அது புதிதாக ஓடியதால் வரும் வலி, கவலை வேண்டாம்.

உடம்பு குறையுமா?

பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு 3 நிமிட ஓட்டத்தில் எரிவது மிகக் கொஞ்சம், ஒரு சமோசாவுக்குக்கூடக் காணாது. இதில் கூடுவது இதய, நுரையீரல் திறன். எடை இம்மியும் குறையாமலே அது கூடும். எடையைக் குறைக்கத்தான் இதைச் செய்கிறோம் என்று வகுப்பில் ஒருமுறை சொல்லிவிட்டால், கனத்த பிள்ளையை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அதோடு அந்தப் பிள்ளை உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

சேட்டை செய்பவர்களுக்கு இரண்டு சுற்று கூடுதலாகக் கொடுக்கலாமா?

கூடவே கூடாது. நம் ஊரில் பல பிள்ளைகளுக்கு உடற்பயிற்சியே தண்டனையாகத்தான் அறிமுகமாகிறது. லேட்டாக வந்தால் கிரவுண்டைச் சுற்று, வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் தோப்புக்கரணம். அப்படி வளர்ந்த பிள்ளை பெரியவனாகித் தானாக ஓடப் போவான் என்று எப்படி எதிர்பார்ப்பது? சேட்டைக்கு என் தண்டனை, அன்றைக்கு ஓட்டம் கிடையாது, எண்ணும் வேலை மட்டும். முதல் மாதம் சிரித்தார்கள். இப்போது அது நிஜமாகவே தண்டனையாகிவிட்டது.

முன்னேற்றத்தை எப்படி அளப்பது?

மூவர் அணியில் எண்ணுகிறார்களே, அந்த எண்ணே போதும். ஆறு சுற்றில் எத்தனை கோடு என்று அவரவர் நோட்டில் அவரவர் எழுதிக்கொள்ளட்டும். பருவத்துக்கு ஒருமுறை 600 மீட்டர் ஓட்டமோ 20 மீட்டர் ஷட்டிலோ வைக்கலாம். ஷட்டிலில் ஒரு கஷ்டம் உண்டு. முதலில் நிற்கிற பிள்ளை மொத்த வகுப்பின் முன்னால் தனியாக வெளியே வர வேண்டும். அதனால் நான் ஐந்து ஐந்து பேராக நடத்துகிறேன், மற்றவர்கள் அந்த நேரம் விளையாடப் போய்விடுவார்கள். முடிவைச் சத்தமாக வாசிப்பதும் இல்லை, சுவரில் ஒட்டுவதும் இல்லை.

கணக்கு டீச்சர் பீரியடைக் கேட்கிறார். கொடுக்கலாமா?

இந்தக் கேள்விக்குப் பதில் எல்லோருக்கும் தெரியும். ஓடி வந்தால் மார்க் கூடும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை, அது நடக்காவிட்டால் பயிற்சிக்குத்தான் கெட்ட பெயர். ஆனால் நன்றாக மூச்சு வாங்கிவிட்டு வந்த பிள்ளைகள் அடுத்த பீரியடில் கொஞ்ச நேரம் கூடுதல் கவனத்தோடு உட்காருகிறார்கள் என்பதற்கு ஆய்வுகளிலும் ஆதாரம் உண்டு. கணக்கு டீச்சரிடம் இப்படிப் பேரம் பேசிப் பாருங்கள்: 'பீரியட் வேண்டாம் டீச்சர், என் பீரியடுக்கு அடுத்ததை நீங்க எடுத்துக்கோங்க.' பத்தாம் வகுப்பு டைம்டேபிளில் இது ஒருமுறை எனக்குப் பலித்தது.

கொஞ்ச நாளில் பிள்ளைகளுக்கு அலுத்துப்போகாதா?

போகும். மூன்றாவது, நான்காவது வாரமே 'சார், மறுபடியும் அதேவா?' என்று முகம் தொங்கும். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகக் குழு ஒன்று இதற்கு ஒரு வழி கண்டது, பயிற்சியைப் பிள்ளைகளையே வடிவமைக்க விட்டார்கள். நம் ஊரிலும் அது எடுபடுகிறது. ஒவ்வொரு அணிக்கும் ஒரு வாரம். விதி மூன்றுதான்: 30 நொடி செய்யக்கூடியதாக இருக்க வேண்டும், பொருள் எதுவும் கேட்கக்கூடாது, தரையில் படுக்கக்கூடாது. சிலம்பக் காலடி, கபடி ரெய்டுக்குப் போகிற மாதிரி தாழ்ந்து ஓடுவது, பந்து இல்லாமலே பவுலிங் ஓட்டம், பறையாட்ட அடவு என்று எங்கிருந்தெல்லாமோ கொண்டுவருகிறார்கள், நாம் யோசித்ததைவிட அதில் மூச்சு அதிகம் வாங்குகிறது. ஸ்பீக்கர் இருந்தால் பாட்டையும் அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். கானா வந்தால் வரட்டும், வரிகளை மட்டும் முதல் நாளே ஒருமுறை கேட்டுவிடுங்கள்.